ராகு காலத்துக்குக் கீழே ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் வானத்துக்கு இடம் கிடைப்பது கிரகணத்துக்கும் எரிகல் மழைக்கும்தான். ஐந்து நாளுக்கொரு முறை தவறாமல் மங்கி ஒளிர்கிற நட்சத்திரம் ஒன்று வடக்கு வானத்தில் இருக்கிறது. அதற்கு தினப்பலன் பக்கத்தில் ஒரு வரி கேட்டு எழுதுகிறேன்.

டெல்டா செபி என்று அந்த நட்சத்திரத்துக்குப் பெயர். மகளுக்கு வாங்கிய 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி, அவள் விடுதிக்குப் போன பிறகு என் கைக்கு வந்தது. அதில் 30 மடங்கு பெரிதாக்கினாலே அந்த ஒற்றைப் புள்ளி இரண்டாகப் பிரிந்துவிடும். பெரியது மஞ்சள். கொஞ்சம் தள்ளி, மங்கலாக ஒரு நீலம். குவியத்தை லேசாகக் கலைத்தால் இரண்டும் குட்டி வட்டங்களாகி நிறம் இன்னும் நன்றாகத் தெரியும். குடியாத்தத்தில் லுங்கி நூலுக்குச் சாயம் போடுவது என் தொழில். பக்கத்தில் இன்னொரு நிறம் இருந்தால்தான் எந்த நிறமும் சரியாகப் பிடிபடும். என் மனைவி அந்த நீலத்தை வெள்ளை என்கிறார். மஞ்சளை மறைத்துவிட்டுப் பார்த்தால் வெள்ளையாகவே தெரியலாம், அதற்காக நான் சண்டைக்குப் போவதில்லை.

நீலம் அப்படியே இருக்க, மஞ்சளின் ஒளி மட்டும் 5 நாள் 9 மணி நேரத்துக்கு ஒரு முறை கூடிக் குறைகிறது. ஒன்றை ஒன்று மறைப்பதால் அல்ல. உள்ளேயிருக்கும் ஹீலியம் அடுக்கு வெப்பத்தைப் பிடித்து வைத்து வைத்து விடுவதால், நட்சத்திரமே உப்பிச் சுருங்குகிறது. மங்கிய நிலையிலிருந்து உச்சத்துக்கு ஏற ஏறக்குறைய ஒன்றரை நாள்தான், இறங்கத்தான் நான்கு நாள். ஆகவே மங்கும் தேதி தெரிந்தால் அன்றிரவும் மறுநாள் இரவும் பார்த்தால் போதும், வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். தொலைநோக்கி இல்லாதவர்களும் பக்கத்திலுள்ள ஜீட்டா, எப்சிலான் என்ற இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிடலாம். உச்சத்தில் ஜீட்டாவை எட்டிப் பிடிக்கும், மங்கும்போது எப்சிலானுக்கும் கீழே போய்விடும். 1784இல் இதைக் கண்டுபிடித்த ஜான் குட்ரிக் என்ற இங்கிலாந்து இளைஞருக்குக் காது கேட்காது, வயது 20தான்.

நம் பக்கத்தில் நட்சத்திரம் என்றாலே காவலூர் என்கிறார்கள். பழைய வட ஆற்காட்டு ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருப்பது நமக்குப் பெருமைதான், சரி. அதனால் நம் மொட்டை மாடியில் வேலையே இல்லை என்றாகிவிடுமா?

பஞ்சாங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். திருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணித்தவரும் அவரே. இரண்டும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தவைதானே.

ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே "டெல்டா செபி இன்று மங்கும்" என்று போட்டால் போதும். கார்த்திகை முடிய எங்களுக்கு மேகம்தான். மார்கழி முதல் தேதியிலிருந்து தொடங்கினால் நல்லது. தை பாதிக்கு மேல் போனால் மாலையிலேயே வடமேற்கில் தாழ்ந்துவிடும். இடம் போதாவிட்டால் சந்திராஷ்டமத்தைச் சற்று நெருக்கிப் போடுங்கள். அப்படிச் சொன்னது நான்தான் என்று என் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
சாயப்பட்டறை வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.