உலைக்கு முன்னால் ஒருவர் போதாது

கவின்கலைக் கல்லூரிகளின் சிற்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்னைக்கு வெளியே ஒரு வாடகைக் கொட்டகையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து கண்ணாடிச் சிற்பக்கூடம் நடத்துகிறோம். விடுமுறையில் உங்கள் மாணவர்கள் சிலர் வந்து பழகுவது உண்டு. அவர்களில் ஒருவர் எங்கள் உலையில் செய்த சிற்பத்தை இறுதியாண்டுத் தேர்வுக்கு வைத்தார். "இதை நீ தனியாகச் செய்யவில்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம்.

அவர் தனியாகச் செய்யவில்லைதான். சின்னக் கிண்ணம் என்றால் ஒருவரே சமாளிக்கலாம். முழங்கை நீளச் சிற்பத்துக்கு அது நடக்காது. உலைக்குள் 1,100 டிகிரி செல்சியஸில் கண்ணாடி தேன் மாதிரி இருக்கும். ஊதுவதற்கான நீண்ட பைப்பின் நுனியில் சுருட்டி எடுத்த நொடியிலிருந்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். பெஞ்சில் உட்கார்ந்தவர் ஒரு கையால் பைப்பை உருட்டி, மறுகையில் நனைத்த செய்தித்தாள் மடிப்பை வைத்து உருவம் பிடிப்பார். (வழவழப்பான ஞாயிறு இணைப்பு இதற்கு ஆகாது.) மறுமுனையில் ஒருவர் ஊதுவார். மூன்றாமவர் ஒட்டவேண்டிய சூடான துண்டோடு வருவார். நாலாமவர் தடித்த கையுறையோடு நின்று, பைப்பிலிருந்து தட்டி விடுவிப்பதை ஏந்திக்கொண்டு ஆறவைக்கும் அடுப்புக்கு ஓடுவார். அங்கே சுமார் 500 டிகிரியிலிருந்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். கனமான சிற்பத்துக்கு அதற்கே நாள்கணக்காகும். அவசரப்பட்டதற்குச் சாட்சியாக எங்கள் கொட்டகை மூலையில் ஒரு டிரம் நிறையத் துண்டுகள் கிடக்கின்றன.

அமெரிக்கக் கலைஞர் டேல் சிஹுலி 1976இல் ஒரு கார் விபத்தில் இடது கண் பார்வையை இழந்தார். 1979இல் தோள்மூட்டு விலகியது. அதன்பின் பைப் பிடிப்பதை விட்டுவிட்டு, படம் வரைந்து காட்டிக் குழுவை வைத்தே செய்வித்தார். உங்கள் தேர்வறைக்கு வந்திருந்தால் அவருக்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்?

நாங்கள் கேட்பது பெரிதில்லை. கண்ணாடி வேலையோடு ஒரு தாள் இணைக்கச் சொல்லுங்கள்: வடிவம் யாருடையது, ஊதியது யார், ஒட்டியது யார், எத்தனை மணி நேரம் ஆறவைத்தார்கள். அப்புறம் மாணவரை அதைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். செய்யாதவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

உலை வாங்கும் யோசனை இருந்தால் செராமிக் பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1962இல் அமெரிக்காவின் டொலிடோ நகர அருங்காட்சியக வளாகத்து கராஜில் கலைஞர்களுக்கான சின்ன உலையை முயன்று பார்த்த ஹார்வி லிட்டில்டனே மட்பாண்ட ஆசிரியர்தான். முதலில் உருக்கிய கண்ணாடி சரியாக வரவில்லை. கண்ணாடித் தொழிற்சாலை அனுபவமுள்ள டொமினிக் லபினோ உலையை மாற்றச் சொல்லி, உருக்குவதற்குக் கண்ணாடிக் கோலிகளும் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. ஆனால் திறப்புவிழாவுக்கு மட்டும் பற்றவைப்பதாக இருந்தால் வாங்கவே வேண்டாம். இது தினமும் ஏற்றி அணைக்கிற அடுப்பு இல்லை. வருடத்தில் இரண்டு மாதம் தொடர்ந்து எரியட்டும், எல்லாக் கல்லூரி மாணவர்களும் முறைவைத்து வரட்டும்.

அதுவரை எங்கள் கொட்டகைக்கு அனுப்புங்கள். நீங்களும் ஒருநாள் வந்து பைப்பை உருட்டிப் பாருங்கள். பருத்திச் சட்டையும் மூடிய செருப்பும் போட்டு வரவேண்டும். பாலியெஸ்டர் வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

அன்புடன்,
கொட்டகையின் நாலு பேர்