கொழிஞ்சாம்பாறை உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்மக்களுக்கும் என் நோயின் பெயரைக் கண்டறிந்த மருத்துவர்களுக்கும் பணிவான வணக்கம்.

2014-இல் இடது மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, ஐந்தாண்டுகள் தமாக்ஸிஃபென் மாத்திரையும் உட்கொண்டு முடித்தபின், அந்நோயை ஏறக்குறைய மறந்தே போயிருந்தேன். பிறகு வயிற்று உப்புசமும், மலச்சிக்கலும் பேதியும் மாறிமாறி வந்தபோது, ஒரு மருத்துவமனையில் குடல் அழற்சி என்று ஏழு மாதம் மருந்து கொடுத்தார்கள். பெருங்குடலுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் எடுத்த சதையிலும் ஒன்றும் தெரியவில்லை. பழைய நோயைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. மார்புக்கும் குடலுக்கும் என்ன தொடர்பு என்று நானும் சொல்லவில்லை.

வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு என்னை அழைத்துச் சென்ற என் நாத்தனார், டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சள் பையோடு மருத்துவரின் மேசைமேல் வைத்தார். அவற்றில் 'லோபுலார்' என்ற சொல்லை, அதாவது மார்பகத்தின் பால் சுரக்கும் நுண்மடல்களின் பெயரால் அழைக்கப்படும் புற்று வகையை, கண்டதும் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் ஈ-கேடரின் புரதத்தை இழந்த இவ்வகைச் செல்கள் கட்டியாகத் திரளாமல் வரிசையாக ஊடுருவும் என்றும், பல ஆண்டுகள் கழித்தும் இரைப்பையிலோ குடலிலோ தலைகாட்டக்கூடும் என்றும், உட்படலத்துக்கு அடியில் இருப்பதை மேலோட்டமாகக் கிள்ளிய சதை காட்டாமல் போகலாம் என்றும் அவர் தாளில் வரைந்து விளக்கினார்.

மறுபடி ஆழமாக எடுத்த சதையை 2014-இல் அறுவையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த சதையோடு ஒப்பிட்டு, செல்களில் ஹார்மோனைப் பற்றும் ஏற்பிகள் உள்ளனவா என்ற சோதனையும் செய்து, இது குடலில் பிறந்த புற்று அன்று, மார்பகத்திலிருந்து வந்ததே என்று உறுதிசெய்த நோயியல் மருத்துவரை இன்றுவரை நான் நேரில் கண்டதில்லை. என் முதல் நன்றி அவருக்கே. அவருடைய ஒரு பக்க அறிக்கையால்தான் குடலை வெட்டாமல் லெட்ரசோல், பால்போசிக்ளிப் மாத்திரைகளில் சிகிச்சை தொடங்கிற்று. முற்றிலும் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை, அடக்கி வைக்கலாம் என்றார்கள். அந்த நேர்மைக்கும் நன்றி.

வெள்ளணுக்கள் குறைந்து நான் சோர்ந்து கிடந்த நாட்களில், இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்று வாடகை வாங்க மறுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், என்னோடு முன்பு பணிபுரிந்த ஆசிரியைகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். எதிர்வீட்டுச் சேச்சி நாள்தோறும் பொடியரிக் கஞ்சி கொடுத்தனுப்பிய மூன்று தூக்குவாளிகள் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. வரும் ஞாயிறன்று நானே நடந்துவந்து தருகிறேன்.