விதையும் பயிர் மருந்தும் இறக்குமதி செய்யும் முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகவர்களுக்கு,

நுவரெலியா மாவட்டத்தில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பயிரிட்டு வாழும் சிறு செய்கையாளர்களுள் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். கந்தப்பளையிலும் இராகலையிலும் அயல் மாவட்டத்து வெலிமடைப் பக்கத்திலும் நாங்கள் விதைக்கும் கலப்பின மரக்கறி விதைகளில் பெரும்பாலானவை கடல் கடந்து வருபவை. அவற்றை உற்பத்தி செய்யும் கம்பெனிகளின் பெயரைப் பொதியில் படிப்பதைத் தவிர, அவர்களோடு எங்களுக்கு வேறு தொடர்பு கிடையாது. இந்நாட்டில் அவர்களுக்காகப் பேசவும் பதில் சொல்லவும் இருப்பவர்கள் நீங்கள் மட்டுமே.

சென்ற போகத்தில், ஒரே தொகுதி இலக்கம் கொண்ட கரட் விதை எங்கள் பகுதியில் பலருடைய பாத்திகளில் பாதிகூட முளைக்கவில்லை. கடைக்காரர் விநியோகஸ்தரைக் கைகாட்டினார். விநியோகஸ்தர் உங்களுள் ஒருவரது அலுவலகத்தைக் காட்டினார். அங்கே, தாங்கள் வெறும் முகவர்களே என்றும், முறைப்பாட்டைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார்கள். அதற்குமேல் எந்தச் செய்தியும் வரவில்லை. நான் மறுக்க விரும்புவது அந்த 'வெறும் முகவர்' என்ற நிலைப்பாட்டைத்தான்.

சட்டம் உங்களை அப்படிப் பார்க்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பதிவு செய்து அனுமதி பெறாத மருந்தை இந்நாட்டுக்குள் கொண்டுவரவோ விற்கவோ முடியாது. அந்த அனுமதியைப் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பெறுபவர்கள் நீங்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டமும் விதை விடயத்தில் உங்களுக்குக் கடமைகளை வைத்திருக்கின்றன. இறக்குமதி அனுமதியிலும் சுங்கப் பிரகடனத்திலும் உங்கள் பெயரே இருக்கிறது. வருமானம் வரும்போது ஏக முகவர் என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும் நிறுவனம், நட்டம் வரும்போது மட்டும் தபாற்காரராகிவிடுவது முறையன்று.

விதைக்கிழங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்குச் செய்கையில் செலவின் பெரும்பங்கு விதைக்கிழங்குக்கே போகிறது. நகையை அடகு வைத்து வாங்குபவர்கள் எங்களிடையே அதிகம். ஐரோப்பாவிலிருந்து குளிரூட்டிய கொள்கலனில் வரும் கிரனோலா இன விதைக்கிழங்கு துறைமுகத்தில் தேங்கி நின்றாலோ, குளிர் சீராக இல்லாமற் போனாலோ, மூட்டையை அவிழ்க்கும்போது கிழங்கு வியர்த்திருக்கும், முளை நீண்டு வெளிறி ஒடியும், சிலவற்றை வெட்டினால் நடுப்பகுதி கறுத்திருக்கும். ஏற்றுமதி நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கப்பலேறிய நாளின் நிலையைத்தான் சொல்லும். கொழும்பில் இறங்கியது முதல் எங்கள் கையில் சேரும்வரை கிழங்கு எந்த வெப்பநிலையில், எத்தனை நாள் கிடந்தது என்ற பதிவு உங்களிடமே இருக்கிறது. அதை வாங்குபவருக்குக் காட்டுவதில் என்ன தடை?

நோய் வந்தால் நட்டம் ஒரு போகத்தோடு நிற்பதில்லை. உருளைக்கிழங்கு வேரில் கடுகிலும் சிறிய மணிகளாக ஒட்டிக்கொள்ளும் தங்க நிற வட்டப்புழுவை நுவரெலியா மண் ஏற்கெனவே அறியும். அந்த மணிகளுக்குள் இருக்கும் முட்டைகள், கிழங்கே நடாத நிலத்திலும் இருபது ஆண்டுகள்கூட உயிரோடிருக்கும். ஆகவே, இறக்குமதியோடு நோய் நுழையாமல் தடுக்கும் தடுப்புக்காப்பு அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்கும் நாள்களை வீண் தாமதமாகக் கருதி, விரைவில் விடுவிக்கும்படி மேலிடங்களுக்கு அழுத்தம் கொடுக்கும் பழக்கம் உங்களுள் சிலருக்கு இருக்குமாயின், அதை விட்டுவிடுங்கள். 2021இல் சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளையில் எர்வினியா என்ற பக்டீரியா இருப்பதாகத் தடுப்புக்காப்புச் சேவை கண்டறிந்து கப்பலிலிருந்து சரக்கை இறக்க விடாமல் தடுத்தபோது எழுந்த வழக்கில், சீனக் கம்பெனியோடு அதன் உள்நாட்டு முகவரும் இழுக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சரக்கு இறங்காமலே அரசு 67 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. மாதிரிச் சோதனையும் தர நிபந்தனையும் கப்பலேறுமுன்பே ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதப்பட வேண்டும் என்பதற்கு அதைவிட விலை கூடிய பாடம் கிடைக்காது.

மருந்துப் போத்தலுக்கு வருகிறேன். சுட்டுத்துண்டில் தமிழும் இருக்கிறது, உண்மைதான். ஆனால் நூறு மில்லிலீற்றர் போத்தலில் அந்த எழுத்தை நல்ல வெயிலில், கண்ணாடி போட்டுக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கிறது. என்னிடமுள்ள ஒரு போத்தலில், மருந்தடித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்ற தமிழ் வரியின் மேலேயே விலைச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. இங்கே மரக்கறித் தோட்டங்களிலும் தேயிலை மலைகளிலும் முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமந்து மருந்தடிப்பவர்களில் பெரும்பாலானோர் தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். எழுத்தின் அளவும் சீட்டு ஒட்டும் இடமும் இந்நாட்டிலேயே தீர்மானிக்கப்படுபவை. அவற்றைத் திருத்த வெளிநாட்டுக் கம்பெனியின் சம்மதம் தேவைப்படாது.

உங்கள் சிரமங்களையும் நான் அறியாதவனல்லன். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைக்கும் மருந்துக்கும் ஒரேயடியாகத் தடை வந்தது. அடுத்த ஆண்டு டொலர் இல்லாமல், இறக்குமதிப் பணத்துக்கு வங்கி உறுதி தரும் நாணயக் கடிதம் திறக்க வழியின்றித் தவித்தீர்கள். விலையைப் பற்றி நான் இங்கே பேசாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் கேட்பவை உங்கள் தொழிலுக்கு உட்பட்டவையே. இறக்குமதியான ஒவ்வொரு விதைத் தொகுதியின் இலக்கத்தையும் முளைதிறன் சோதித்த திகதியையும் விற்பனைக் கடையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டி வையுங்கள். முறைப்பாடு வந்தால், பாத்தி அழியுமுன் உங்கள் கள உத்தியோகத்தர் விவசாயப் போதனாசிரியரோடு நேரில் வந்து பார்த்து, எழுத்தில் அறிக்கை தரட்டும். குறை விதையில்தான் என்று தெரிந்தால் இழப்பீட்டை முதலில் நீங்கள் கொடுத்துவிட்டு, கம்பெனியிடம் பின்னர் அறவிட்டுக்கொள்ளுங்கள். அவர்களோடு செய்யும் முகவர் ஒப்பந்தத்தில் அதற்கொரு வாசகம் சேர்க்கும் வலு உங்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லை. அடுத்த நடுகைக்கு விதை வாங்கும்போது இந்த விவரங்களைக் கேட்டு, தொகுதி இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு தரும் கடையில் மட்டும் வாங்குவதென எங்களுள் சிலர் பேசிவைத்திருக்கிறோம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கந்தப்பளை மரக்கறிச் செய்கையாளன் ஒருவன்