சஃபாரி லென்ஸ்: முதலில் பார்க்க வேண்டியது சிறிய எண்ணை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க சஃபாரிக்குச் செல்வோர் கொண்டுபோக வேண்டிய கேமரா சாதனங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள குறிப்புகள் பல அதில் இருந்தன. ஆயினும், 600 மி.மீ.க்குக் குறைந்த டெலிபோட்டோ லென்ஸுடன் (தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) போனால் ஏமாற்றமே மிஞ்சும் என்ற பொருளில் அமைந்த பகுதி, பெருந்தொகை செலவிட்டு வாழ்நாளில் ஒருமுறை மட்டும் அங்கே போகும் வாசகரைப் பொருந்தாத லென்ஸை வாங்க வைத்துவிடக்கூடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சஃபாரிக்கு லென்ஸ் தேர்ந்தெடுப்பவர், அது எவ்வளவு தொலைவுக்கு எட்டும் என்று பார்ப்பதற்கு முன்பே, பக்கத்தில் நிற்கும் விலங்கை முழுதாக அடக்குமா என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஜூம் லென்ஸின் மேல் 100-400 என்பதுபோலப் பொறித்திருக்கும் இரண்டு எண்கள், அதன் மிகக் குறைந்த குவியத் தூரமும் மிகக் கூடிய குவியத் தூரமும் ஆகும். குவியத் தூரம் கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும், படத்தில் அடங்கும் பரப்பு குறையும். இந்த இரண்டு எண்களில் எல்லோருடைய கண்ணும் பெரிய எண்ணுக்கே போகிறது. விற்பவர்களும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

கணக்கு எளியது. ஃபுல் ஃபிரேம் எனப்படும் வகைக் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது. விலங்கு நிற்கும் தொலைவைச் சென்சாரின் அளவால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், அந்த இடத்தில் எவ்வளவு பரப்பு படத்துக்குள் வரும் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். கென்யாவின் மசாய் மாராவில் வாகனங்கள் விலங்குகளை 25 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. அந்த 25 மீட்டரையே எடுத்துக்கொள்வோம். அங்கே 600 மி.மீ. லென்ஸுக்குள் வருவது ஒன்றரை மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள பகுதி மட்டுமே. வளர்ந்த ஆண் சிங்கம் பக்கவாட்டில் நின்றால், வாலைக் கணக்கில் சேர்க்காமலே, அதற்குள் அடங்காது. பெரிய ஆண் யானையின் காதுகூட முழுதாக வராது. அந்த யானை, காலடியில் கொஞ்சம் மண்ணும் முதுகுக்கு மேல் கொஞ்சம் வானமுமாக, மூன்றரை மீட்டர் உயரத்துக்குப் படத்தில் வர வேண்டுமானால் குவியத் தூரம் சுமார் 170 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். ஐந்து மீட்டர் உயரமுள்ள ஒட்டகச்சிவிங்கிக்கு, கேமராவைப் படுக்கைவாட்டில் பிடித்தால், 120 மி.மீ.தான். முகத்தை மட்டும் நிறைத்து எடுப்பதும் நல்ல படம்தான், மறுக்கவில்லை. ஆனால் தாயின் கால்களுக்கு இடையே குட்டி யானை புகுந்து வருவதையும், ஒரே நிழலில் சிங்கக் கூட்டம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடப்பதையும் காட்ட வேண்டிய நேரத்தில், பின்னால் நகர்வதற்கு வாகனத்தில் இடம் கிடையாது.

எந்தப் பூங்காவுக்குப் போகிறோம், அங்கே வாகனம் எதுவரை போகலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் லென்ஸைத் தீர்மானிப்பது வீண். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் சொந்தமாக வாகனம் ஓட்டிச் செல்வோர் சாலையை விட்டு இறங்கக் கூடாது. எனவே விலங்கு எங்கே நிற்கிறதோ அதுதான் தொலைவு, அதைக் குறைக்க வழியில்லை. அங்கே 500, 600 மி.மீ. பயன்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே குரூகரை ஒட்டியுள்ள சாபி சாண்ட் போன்ற தனியார் காப்பகங்களில், வழிகாட்டிகள் சிறுத்தையைப் பின்தொடர்ந்து புதருக்குள்ளேயே வண்டியைக் கொண்டுபோகிறார்கள். சிறுத்தை சில மீட்டர் தொலைவில் வந்து படுத்துக்கொள்ளும். அங்கே 600 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் மீசையும் கண்ணும்தான் கிடைக்கும். போட்ஸ்வானாவின் சோபே ஆற்றில் படகில் செல்லும்போதும் இப்படித்தான்: தண்ணீர் குடிக்க இறங்கும் யானைகள் படகுக்கு மிக அருகே வந்துவிடும். ருவாண்டாவின் வோல்கனோஸ் பூங்காவிலும் உகாண்டாவின் ப்விண்டியிலும் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க நடந்தே போக வேண்டும்; அவற்றின் அருகில் இருக்க ஒரு மணி நேரம்தான் அனுமதி, ஃபிளாஷ் கூடாது, காட்டுக்குள் வெளிச்சமோ மிகக் குறைவு. அங்கே 70-200 மி.மீ., எஃப் 2.8 லென்ஸுக்கு ஈடானது எதுவும் இல்லை (எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸின் துளை பெரிது, உள்ளே வரும் வெளிச்சமும் அதிகம்). நீளமான லென்ஸைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது வெறும் சுமை.

பறவைகளை நாடிப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் முள்மரக் கிளைகளில் அமரும் ஊதா மார்புப் பனங்காடை, நீண்ட வால் இறகுகளைச் சேர்த்தும் 36 செ.மீ. அளவே இருக்கும். பதினைந்து மீட்டரில் 600 மி.மீ. வைத்து எடுத்தாலும் ஃபிரேமின் அகலம் 90 செ.மீ.; பறவை அதில் பாதியைக்கூட நிறைக்காது. அவர்கள் எவ்வளவு நீளம் கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை 100-400 அல்லது 100-500 மி.மீ. ஜூம் லென்ஸ். கேனனின் ஆர்எஃப் 100-500 ஏறத்தாழ 1.4 கிலோ எடைதான். சோனியின் 200-600, நிக்கானின் 180-600, சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 ஆகியவை தரத்தில் குறைந்தவை அல்ல. கொடுக்கும் காசுக்கு இவற்றைப் போல எட்டும் லென்ஸ்கள் முன்பு கிடைத்ததே இல்லை. ஆனால் 200 மி.மீ.யில் தொடங்கும் லென்ஸால், 25 மீட்டரில் நிற்கும் யானையின் முதுகு ஃபிரேமின் மேல்விளிம்பை இடிக்கும். ஆகவே இவற்றில் ஒன்றை வாங்குபவர் 24-105 அல்லது 70-200 மாட்டிய இன்னொரு கேமராவை மடியில் தயாராக வைத்திருக்க வேண்டும். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிதான ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமரா வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் 100-400 லென்ஸ் ஏறக்குறைய 150-600 போலக் காட்டும் என்று பெரிய எண்ணை மட்டும் சொல்லி மகிழ்கிறோம், அதே பெருக்கம் சிறிய எண்ணுக்கும் உண்டு, 200-600 வாங்கினால் அது 300-இல்தான் தொடங்கும்.

வெளிச்சத்தைப் பற்றித் தங்கள் கட்டுரை சரியாகவே சொன்னது. சூரியன் எழும் நேரத்திலும் சாயும் நேரத்திலும்தான் வேட்டையாடும் விலங்குகள் அதிகம் கண்ணில் படும். எஃப் 5.6 லென்ஸைவிட எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதாவது, முன்னதில் விநாடியில் 250-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைக்கும் இடத்தில், பின்னதில் 1,000-இல் ஒரு பங்கு கிடைக்கும். நடக்கும் சிங்கத்துக்கு முன்னது போதும், பாயும் சிங்கத்துக்குப் போதாது. லென்ஸில் உள்ள நடுக்கம் குறைக்கும் வசதி நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், விலங்கின் ஓட்டத்தை நிறுத்தாது. ஆயினும் இன்றைய சென்சார்களில் ஒளியுணர்வைக் கூட்டி ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த புள்ளி விழுந்த படமும் கணினியில் ஓரளவு துப்புரவாகிவிடுவதால், இந்த ஒரு காரணத்துக்காகத் துளை பெரிதான மூன்று கிலோ நீள லென்ஸை ஒரு சுற்றுலாப் பயணி சுமக்கத் தேவையில்லை என்றே எண்ணுகிறேன். மறுபக்கம், எஃப் 11 என்ற மாறாத துளை அளவோடு 2020-இல் கேனன் வெளியிட்ட 600, 800 மி.மீ. லென்ஸ்கள் எடை குறைந்தவை, விலையும் குறைந்தவை. உச்சி வெயிலில் நன்றாகவே எடுக்கும், விடியற்காலையில் தடுமாறும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டிக் குவியத் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரும் அப்படியே: 1.4 மடங்கு கன்வெர்ட்டர் வெளிச்சத்தைப் பாதியாக்கும், 2 மடங்கு கால்பங்காக்கும். ஏற்கெனவே எஃப் 6.3 உள்ள ஜூமில் அதை மாட்டுவதைவிட, எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கிக்கொள்வது மேல்.

உச்சி வெயில் என்றதும் கட்டுரை தொடாத ஒன்று நினைவுக்கு வருகிறது. தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியில் காலை பத்து மணிக்கு மேல், முந்நூறு மீட்டர் தள்ளிக் கரையான் புற்றின் மேல் நிற்கும் சிவிங்கிப்புலியை நீண்ட லென்ஸில் பார்த்தால், அதன் கால்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியும். முகத்தில் உள்ள கண்ணீர்க் கோடு ஒருமுறை தடித்தும் ஒருமுறை கலைந்தும் தெரியும். சுட்ட மண்ணிலிருந்து எழும் வெப்பக் காற்று ஒளியை வளைப்பதால் வரும் கோளாறு இது. லென்ஸ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் இதற்கு மருந்து இல்லை. குவியத் தூரம் கூடக்கூட நெளிவும் பெரிதாகித்தான் தெரியும். தொலைவில் இருப்பதை எடுக்கவே 600, 800 வேண்டும் என்று வாதிடுவோர், அந்தத் தொலைவில் நாளின் பெரும்பகுதி கூர்மையான படம் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எடை பற்றியும் ஒரு சொல். கிழக்கு ஆப்பிரிக்காவில் பூங்காக்களுக்கு இடையே பறக்கும் சிறு விமானங்களில், கேமராப் பையையும் சேர்த்துப் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. மூன்று கிலோ லென்ஸும் அதைத் தாங்கும் முக்காலியும் அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அந்த முக்காலியை விரிக்க வாகனத்தில் இடமும் இருக்காது. வெறும் துணிப்பையைக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்து, அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்வதே அனுபவசாலிகளின் வழக்கம். ஓட்டுநரிடம் இன்ஜினை நிறுத்தச் சொல்லாவிட்டால் அதுவும் பயன்படாது. புழுதிக்குப் பயந்து கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றலாம் என்று கட்டுரையில் ஒரு யோசனை இருந்தது. கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால், தலையணை உறையே பாதுகாப்பானது. ஓடும் வண்டியில் லென்ஸை மாற்றினால் சென்சாரில் புழுதி படியும் என்பதும், மாற்றத் தேவையில்லாத அகன்ற வீச்சுள்ள ஜூமை நான் விரும்புவதற்கு ஒரு காரணம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், ஒவ்வொரு பூங்காவிலும் வாகனங்களுக்கு உள்ள தொலைவு விதிகளையும் சாலை விதிகளையும் லென்ஸ் அளவுகளுக்குப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, லென்ஸை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைக்கும் வாசகர்கள், நிறுத்தியிருக்கும் ஒரு காரிலிருந்து 25 மீட்டர் தள்ளி நின்று, அந்த லென்ஸை அதன் சிறிய எண்ணில் வைத்துப் பார்க்கட்டும். கார் முழுதாக ஃபிரேமில் அடங்கி, அதன் கூரைக்கு மேல் இன்னும் ஒன்றரை கார் உயரத்துக்கு இடம் மிஞ்சினால், ஆண் யானைக்கும் அந்த லென்ஸ் போதும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்