அன்றைக்குப் போனில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உளுந்து எடுத்து முடிந்துவிட்டது. பங்குனி பிறந்ததிலிருந்து ஆம்ப்ளிபையர் ஒருநாளும் கடையில் தங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அமெரிக்காவிலிருந்து "நாடகத்தைத்தான் மேஜரா, முக்கியப் பாடமா எழுதிக் கொடுத்திருக்கேன்ப்பா" என்றதும் நான் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ அழுதாயாம். கோபம் இல்லைம்மா, பயம். வாயில் வராததை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்தெட்டு வருடமாக நாடகத்துக்கு மைக்செட் கட்டுகிறேன். மேடையில் அரிச்சந்திரனாக நின்று ஊரையே அழ வைத்த ராஜபார்ட் நடிகர், ஐப்பசி மழையில் நம் கடை வாசலில் வந்து நின்று "அடுத்த சீசன்ல கழிச்சுக்குங்கண்ணே" என்று கைமாற்று கேட்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்பாயி 'கூத்தாடி' என்ற சொல்லை வசவாகத்தான் பேசுவாள். இது இரண்டும் எனக்குள் ஊறிக் கிடக்கிறது. பொருளாதாரம் எடுப்பாய், நாடகம் ஓர் ஆசைக்கு என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அது உடைந்த சத்தம்தான் அந்தச் 'சரி'.

ஆனால் அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. 2012-ல் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாமல் கிடந்தோமே, அந்த வருடம். கடைமடைப் பக்கம் ஒரு கிராமத்தில் அரிச்சந்திரா. உனக்கு ஆறு வயது. வீட்டில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வந்து, ஸ்பீக்கர் பெட்டி மேல் என் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டாய். மணி மூன்று இருக்கும், மயான காண்டம். கரண்ட் போனது. வாடகைக்கு எடுத்துப் போயிருந்த ஜெனரேட்டரும் பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. மைக் இல்லை, லைட் இல்லை. எனக்கு மானம் போனது போல இருந்தது. ஊர்க்காரர் ஒருவர் ஓடிப்போய் டிராக்டரைக் கொண்டுவந்து, மேடைக்குப் பக்கவாட்டில் நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டார்.

அதற்கப்புறம் நடந்ததை இன்று வரை என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வெளிச்சம் கீழிருந்து ஒரு பக்கமாக வந்தது. சந்திரமதியின் நிழல் பின்னாலிருந்த சீன் படுதா முழுக்க நீண்டு விழுந்தது. மைக் இல்லாததால் அந்த அம்மா குரலை ஏற்றவில்லை, இறக்கினார். உட்கார்ந்திருந்த சனம் தானாக எழுந்து மேடையை நெருங்கியது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத தாலி அரிச்சந்திரன் கண்ணில் மட்டும் படுகிற இடம் வந்தபோது மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. என் சாமான் அத்தனையும் செத்துப்போயிருந்தன. நாடகம் உயிரோடு இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நீ எழுந்து உட்கார்ந்து, மேடையைப் பார்க்காமல் அந்த டிராக்டர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இத்தனை வருடம் கழித்து, லைட் தொங்கவிடுகிறேன், ஜெலட்டின் பேப்பர் மாற்றுகிறேன் என்று நீ சொல்லும்போது எனக்கு அந்த முகம்தான் தெரிகிறது.

முதலில் ஒரு கேள்வி கேட்டேனே, நாடகம்தான் என்றால் முக்கால்வாசியும் அதையே சொல்லிக்கொடுக்கும் பி.எஃப்.ஏ. என்ற கலைப் பட்டத்துக்குப் போயிருக்கலாமே, நான்கு வருடத்துப் பாடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நாடகம் என்றால் அது என்ன படிப்பு என்று. அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நம் பக்கத்து வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தை நினைத்துப் பார். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டு எல்லோருக்கும் பாடம். ஆனால் தர்க்கம் அன்றைக்கு மேடையில் பிறப்பது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஒத்திகையே கிடையாது. எதிராளி புராணத்தில் கேட்பாரா, இலக்கணத்தில் கேட்பாரா, அன்று காலைப் பேப்பரில் வந்ததைக் கேட்பாரா, தெரியாது. குரல் மட்டும் இருந்து விஷயம் இல்லாதவர் அரை மணியில் வறண்டு போவதை மைக் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். விஷயம் உள்ளவர் விடியும் வரை நிற்பார்.

அதனால் ஒத்திகைக்கு நேரம் போதவில்லை, மண்ணியல் பாடத்தை விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாமே, விடாதேம்மா. இது ஒன்றை மட்டும் அப்பா வற்புறுத்திச் சொல்கிறேன். மேட்டூர் திறந்து இத்தனை நாள் ஆகியும் கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை, கிணற்றில் உப்பு ஏன் ஏறுகிறது என்று தெரிந்த ஒருத்தி நாளைக்கு இந்த மண்ணைப் பற்றி ஒரு நாடகம் போட்டால் அதன் கனமே வேறு. டிராமடர்ஜி என்று ஒரு வேலை சொன்னாயே, ஒரு கதை எந்தக் காலத்தில், எந்தச் சட்டத்தில், என்ன விலைவாசியில் நடக்கிறது என்று தேடி நடிகர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. அதற்கு எந்தப் பாடத்தைத் தேவையில்லை என்று தள்ளுவாய்?

நீ கிளம்பிப் போனபோது நாடகம் ஏதோ அங்கேதான் இருக்கிறது என்பது போல எனக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஆனால் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை 1977-ல் தொடங்கிய ந. முத்துசாமி மாயவரத்துக்குப் பக்கத்தில் புஞ்சை ஊர்க்காரர். தஞ்சாவூர் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசிப் பெருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுத்ததை அதில் வெட்டியிருக்கிறார்கள். நாடகம் இன்று இல்லை, நெல் அளந்த கணக்கு இருக்கிறது. ஒருவன் நாடகம் ஆடிப் பிழைக்கலாம் என்று இந்த ஊர் கல்லிலேயே எழுதிவைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது. அதைப் படித்த அன்று என் பயம் கொஞ்சம் இறங்கியது. முழுக்கப் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சம்பளம், வேலை எல்லாம் மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. படிப்பு முடியும்போது உட்கார்ந்து பேசுவோம், இப்போது அதை நீ சுமக்க வேண்டாம்.

மே மாதம் லீவுக்கு வருகிறாய் அல்லவா, நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி வந்துவிடு. மெலட்டூரில் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகம் நடக்கும். இத்தனை பக்கத்தில் இருந்தும் உன்னை ஒருமுறைகூடக் கூட்டிப்போனதில்லை, சீசனில் எனக்கு ஒழிவதே இல்லை. இந்த வருடம் அந்த இரவுக்கு யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. பிரகலாத சரித்திரம் தெலுங்கில்தான் இருக்கும், நமக்குப் பாதி புரியாது, பரவாயில்லை. வெளியூரில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள்கூட லீவு போட்டுவிட்டு வந்து ஆடுகிறார்கள். நரசிம்ம முகமூடியைப் போடுபவர் அன்றைக்கு விரதம் இருப்பார். தூணிலிருந்து அவர் வெளிப்படும்போது எப்படி லைட் போடுகிறார்கள் என்று நீ பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா உளுத்தம்பருப்பு எடுத்து வைத்திருக்கிறாள், வரும்போது சொல், முறுக்கு சுட்டுவிடலாம்.

இன்னும் ஒன்று. இந்தத் தடவை ஸ்டேஜ் மேனேஜர் நீதான், ஹெட்செட்டில் நீ 'கோ' சொன்னால்தான் லைட் மாறும் என்றாயே. எங்கள் பையன்களுக்கு நான் இருட்டில் கை காட்டுவதுதான் பழக்கம், நீ சொல்வதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. உன் ஆசிரியர் சம்மதித்தால் ஒத்திகையில் ஒருநாள் போனைப் போட்டு மேஜையில் வைத்துவிடு. உனக்கு இரவு ஏழு மணி என்றால் இங்கே விடியற்காலை நாலரை. அந்த நேரம் நாடகம் முடிகிற கட்டமாக இருக்கும், நான் ஓரமாக நின்று கேட்டுக்கொள்வேன்.

அன்புடன்,
அப்பா