அடுத்த அதிகாரத்தையும் வாசி, மகளே

பாளையங்கோட்டை
ஞாயிறு மாலை

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீ கோபத்தில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பாப்பா தூங்கின பிறகு உட்கார்ந்து வாசி.

டிசம்பரில் பாப்பாவின் ஞானஸ்நானத்துக்குத் தம்பி வரலாம், ஆனால் பிள்ளையைத் தூக்கக் கூடாது, அவனோடு இருக்கிறவர் கோயில் வாசலையே மிதிக்கக் கூடாது என்று சொன்னாய். ஆணோடு ஆண் சேர்வது பாவம் என்று காட்ட, ரோமர் முதலாம் அதிகாரத்தை எனக்கு வாசித்தும் காட்டினாய். நான் ஒன்றும் பேசவில்லை. அதே வசனத்தை அதே குரலில் நானே அவனுக்கு வாசித்திருக்கிறேன், மகளே. உன் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். நீ கல்யாணமாகி மஸ்கட் போன மறு வருஷம் அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம் அல்லவா? அப்போதுதான், தனக்கு ஆண்கள் மேல்தான் விருப்பம் என்று அடுக்களையில் வைத்து என்னிடம் சொன்னான். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவனை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே மூன்று நாள் உபவாசம். தலையில் எண்ணெய் ஊற்றினார்கள். நாலு பேர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவனுக்குள் இருக்கிற ஆவியை வெளியே வரச்சொல்லிக் கத்தினார்கள். நானும் சேர்ந்து கத்தினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே முழங்காலில் இருந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நீங்க சாப்பிடாம கெடந்தீங்களேன்னுதாம்மா வந்தேன்" என்றான். அப்புறம் இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது நான் சொன்ன பொய்.

2021 ஜூன் மாதம், ஊரடங்கு நேரம். பேப்பரில் ஒரு தீர்ப்பைப் பற்றி வாசித்தேன். மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள், வீட்டுக்குப் பயந்து சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இந்த விஷயம் தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துதான் எழுதினார். இப்படிப்பட்ட பிள்ளைகளை மருத்துவம் என்ற பெயரில் மாற்றப் பார்ப்பதற்கே தடை போட்டார். அந்த ஜெபவீட்டு வெறுந்தரை என் கண்முன் வந்து நின்றது. தீர்ப்புச் சொல்வதே வேலையாக உள்ள மனுஷர் எனக்குத் தெரியவில்லை என்று நின்றார். மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்று சின்ன வயதிலேயே ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் பண்ணின நான், பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ் ஏறினேன்.

இப்படிப்பட்டவர்கள் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அது உலகத்துச் சட்டம் என்பாய். சரி, சட்டத்தை விடு, வேதத்துக்கே வருவோம்.

ரோமருக்குப் பவுல் எழுதினது ஒரு கடிதம், இதோ நான் உனக்கு எழுதுகிற மாதிரி. அதிகாரம், வசனம் என்று எண் போட்டதெல்லாம் பல நூற்றாண்டு கழித்து. எண்ணைப் பார்க்காமல் தொடர்ந்து வாசித்துப் பார். நீ காட்டின வரிகளுக்குக் கீழேயே பொறாமை, புறங்கூறுதல், அகந்தை எல்லாம் வருகின்றன. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் முடிந்து நாங்கள் நின்று பேசுகிற பேச்சுக்கு அதிலேயே இடம் இருக்கிறது. அதற்காக எங்களை யாரும் கோயில் வாசலில் நிறுத்தினதில்லை. அப்புறம் இரண்டாம் அதிகாரம் முதல் வசனம்: "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிற மனுஷனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை." இவ்வளவு நேரம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பக்கம் பவுல் திரும்புகிற இடம் அது. நான் வருஷக்கணக்காக அதற்கு முந்தின வரியோடு வேதத்தை மூடிவைத்தவள்.

இன்னொன்றும். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டில் வருகிற எத்தியோப்பியனை நம் தமிழ் வேதத்தில் மந்திரி என்று போட்டிருக்கிறது. மூலத்தில் இருக்கிற சொல்லுக்கு அண்ணகன், அதாவது விதையடிக்கப்பட்டவன் என்று அர்த்தம். உபாகமச் சட்டப்படி அப்படிப்பட்டவன் சபைக்குள் வரக் கூடாது. ஏசாயாவோ, அண்ணகன் தன்னைப் பட்டமரம் என்று சொல்லாதிருப்பானாக என்றார். அவனும் தம்பியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வாசலில் நிறுத்தப்பட்டவன் என்பது மட்டும்தான் ஒற்றுமை. "இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன" என்று அவன் கேட்கிறான். அவனுக்கு வேதத்தை விளக்கின பிலிப்பு அவனுடைய உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

நம் வீட்டு ஞானஸ்நானத்திலா நாம் தடை போடுவது?

தம்பியோடு இருக்கிறவர் நல்லவர், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்தார். ஆனால் நல்லவர் என்பதற்காக அவரைக் கூப்பிடவில்லை. சுமாரான ஆளாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன். உன் வீட்டுக்காரரின் குணத்தை விசாரித்துவிட்டா ஒவ்வொரு பண்டிகைக்கும் அவரை வரச்சொல்கிறோம்?

நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். சபையார் என்ன பேசுவார்கள், மாமியார் என்ன நினைப்பார், பாப்பா வளர்ந்து என்ன கேட்பாள். பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முன் வரிசையில் நானும் அப்பாவும் அவர்கள் இரண்டு பேரும் உட்காருவோம். சபை நடத்துகிற ஐயரிடமும் சொல்லிவிட்டேன்.

தம்பி பாப்பாவுக்கு ஒரு செயின் எடுத்து வைத்திருக்கிறான். தாய்மாமன் கையால் போட வேண்டியது. நீ சொன்னதை இன்னும் அவனிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீயே அவனுக்குப் போன் பண்ணு. முதலில் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால், செயின் எத்தனை பவுன் என்று கேள். அவன் சிரித்துவிடுவான்.

மாடி அறைக்கு வெள்ளை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். திருவனந்தபுரத்துக்கு எந்தத் தேதி, எத்தனை மணி விமானம் என்று எழுது. அப்பா கார் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா