அப்பாவின் லேப்டாப்பைப் பற்றி

அன்புள்ள கண்ணனுக்கு,

நான் நலம். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். அப்பாவின் பழைய லேப்டாப் உன்னிடம்தானே இருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பேட்டரி உள்ளேயே இருந்தால் முதலில் கழற்றி வை. அவ்வளவு பழைய பேட்டரி கசிந்து பச்சை பூத்துவிட்டால் போர்டே போய்விடும். ஆன் செய்யும்போது டிஸ்க் இல்லை என்று வந்தால் பதறாதே. செட்டிங்கை நினைவில் வைத்திருக்கும் குட்டி பேட்டரி செத்திருக்கும், டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். யாராவது ஃபார்மேட் செய்து தருகிறேன் என்றால் கொடுக்காதே. தாத்தா சொல்லச் சொல்ல அப்பா ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து வைத்தது முழுக்க அதில்தான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது.

ஃபிளாப்பி டிரைவ் போய்விட்டதே, எப்படி வெளியே எடுப்பது என்பாய். என் லேப்டாப்பில் எம்எஸ் டாஸ் 6 இருக்கிறது, விண்டோஸுக்கு முந்தைய கட்டளை அடித்து ஓட்டும் சிஸ்டம். 1993இல் வந்த அதிலேயே, கேபிள் வழியாக ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்க்கை இன்னொன்றில் பார்க்க வைக்கும் இன்டர்லிங்க், இன்டர்சர்வ் என்ற இரண்டு புரோகிராமும் உண்டு. அப்பாவுடையதில் டாஸ் 5தான், ஆனாலும் வழி இருக்கிறது. மோடம் இல்லாமல் இரண்டு கம்ப்யூட்டரை நேராக இணைக்கும், ஏழு கம்பி உள்ள 'நல் மோடம்' (null modem) கேபிளை இரண்டின் சீரியல் போர்ட்டிலும் மாட்டி, இங்கிருந்து இன்டர்சர்வ் /ஆர்காப்பி கொடுத்தால் புரோகிராம் அந்தப் பக்கம் போய் இறங்கிவிடும். அந்தப் பக்கம் போர்ட்டின் வேகத்தை அமைக்கும் மோட் கட்டளை இருந்தால் போதும். அப்புறம் அப்பாவுடையதில் இன்டர்சர்வை ஓட்டிவிட்டு அதைத் தொடாமல் விட வேண்டும், அது வேறு வேலை பார்க்காது. என்னுடையதில், ஆன் ஆகும்போது டாஸ் படிக்கும் கான்ஃபிக் கோப்பில் இன்டர்லிங்க் வரியைச் சேர்த்து மறுபடி ஆன் செய்தால், அவருடைய டிஸ்க் இங்கே இன்னொரு டிரைவாக வரும். சீரியலில் உச்ச வேகமான நொடிக்கு 115200 பிட்டில் ஓடினாலும் 40 எம்பிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால் காப்பி செய்ய, பிரின்டர் மாட்டும் போர்ட்டில் போகும், இன்னும் வேகமான பேரலல் கேபிளையே மாட்டலாம். சாதாரண பிரின்டர் கேபிள் ஆகாது. இரண்டு முனையிலும் 25 ஊசி இருந்து, ஒரு பக்கம் அனுப்புவது மறுபக்கம் வாங்கும் ஊசிக்குப் போகும்படி கம்பி மாற்றிக் கட்டியது வேண்டும். என்னிடம் இருக்கிறது.

இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே அந்தக் கான்ஃபிக் கோப்பைத் திருத்தி மெமரி மிச்சம் பிடித்துக் காட்டியவன் நீ. அப்பா அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! அப்படிப்பட்டவனுக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. சரி, அன்றைக்குப் பேசியதை நான் திரும்ப எடுக்கவில்லை. அக்காவும் எடுக்க மாட்டாள், அவளிடம் சொல்லிவிட்டேன்.

பார்சலில் அனுப்பிவிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே, அந்த டிஸ்க் அடி தாங்காது. கேபிளும் நீளமில்லை, இரண்டு லேப்டாப்பும் ஒரே மேசையில் இருந்தால்தான் எட்டும். நீயே மடியில் வைத்துக் கொண்டு வா. வேலையை உத்தேசித்துத் தேதியை நீயே சொல், எனக்கு எந்த நாளானாலும் சரி. இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் கேபிள் மாட்ட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடாப்டரை மறந்துவிடாதே. பேட்டரியை இன்றைக்கே கழற்று. ஃபார்மேட் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா